சக்கரமும் மண்ணும் – 9: காலி நிலம் தேடும் தேசிய ராலி

இந்திய தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு பருவத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது ஓட்டுநரின் துணிச்சலும் இயந்திரத்தின் திறனுமே பெரும்பாலும் முன்னுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பருவம் எந்த ஊர்களில் நடக்கும், எந்த ஊர்ப் பிள்ளைகள் அதில் வளர்வார்கள் என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாகத் தீர்மானிப்பது, சில மணி நேரத்துக்கு மனிதரையும் மாட்டையும் விலக்கி வைக்கக்கூடிய நிலம் எங்கே இருக்கிறது என்பதுதான். மூன்று புறம் தமிழ்நாடும் ஒரு புறம் வங்கக் கடலும் சூழ, காவிரியின் கடைமடையில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பகுதியாக இருக்கும் காரைக்காலை உரைகல்லாக வைத்துப் பார்த்தால், தேசியத் தொடர் ஏன் கோவைக்கும் சிக்மகளூருக்கும் போகிறது, ஏன் டெல்டாவுக்கு வருவதில்லை என்பது விளங்கும். அந்த விளையாட்டில் டெல்டாவுக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதும் அதே விசாரணையில் தெரியவரும்.

சென்ற இதழில் பேசப்பட்ட சோழவரம், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். அங்கே வண்டிகள் ஒன்றாகப் புறப்பட்டு, கண்ணெதிரே ஒன்றையொன்று முந்தின. ராலி வேறு வகை. இதில் ஒவ்வொரு காரும் முந்தைய கார் புறப்பட்டு ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் தனியாகப் புறப்படுகிறது. அதன் எதிராளி கடிகாரம் மட்டுமே. பொதுப் போக்குவரத்து முற்றாக நிறுத்தப்பட்ட பாதைத் துண்டுகளில், அதாவது ஸ்பெஷல் ஸ்டேஜ்களில், வினாடியின் பத்தில் ஒரு பங்கு வரை நேரம் அளக்கப்படுகிறது. ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வழி சாதாரண ஊர்ச் சாலை. அங்கே போட்டிக் காரும் எல்லா வண்டிகளையும் போலச் சிக்னலில் நின்று, வேக வரம்பை மதித்துத்தான் போக வேண்டும். எல்லா ஸ்டேஜ்களின் நேரத்தையும், விதிமீறலுக்குச் சேர்க்கப்பட்ட தண்ட வினாடிகளையும் கூட்டினால் யாருக்கு மிகக் குறைவோ அவரே அந்தச் சுற்றின் வெற்றியாளர். இப்படிப் பல சுற்றுகளில் சேர்த்த புள்ளிகளின் கூட்டுத்தொகை ஆண்டின் சாம்பியனைத் தருகிறது. ஆகவே அதிகச் சுற்றுகளை வென்றவரை விட, எந்தச் சுற்றிலும் வண்டியை உடைக்காமல் கரை சேர்த்தவர் பட்டம் பெறுவதும் உண்டு.

இத்தொடருக்கு முன்பும் இந்தியாவில் ராலிகள் இருந்தன. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தென்னிந்திய ராலி அவற்றுள் முக்கியமானது. கோவையைச் சேர்ந்த ஜி.ஆர். கார்த்திகேயன், பின்னாளில் 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் தந்தை, அதை ஏழு முறை வென்றவர். வடக்கே 1980-இல் நசீர் ஹுசைன் தொடங்கிய ஹிமாலயன் ராலி அயல்நாட்டு ஓட்டுநர்களையும் இந்திய மலைப்பாதைகளுக்குக் கொண்டுவந்தது. தனித்தனியாக நடந்துகொண்டிருந்த இத்தகைய போட்டிகளுக்கு ஒரே புள்ளிப் பட்டியல் வேண்டும் என்ற தேவையிலிருந்து 1988-இல் தேசிய சாம்பியன்ஷிப் பிறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு, சுருக்கமாக எஃப்.எம்.எஸ்.சி.ஐ., அதன் விதிகளை வகுக்கிறது; ஒவ்வொரு சுற்றையும் ஓர் உள்ளூர்க் கழகம் ஏற்று நடத்துகிறது. சண்டிகரின் ஹரி சிங் மாருதி ஜிப்ஸியில் ஐந்து முறை பட்டம் வென்றதும், கோவையின் லீலாகிருஷ்ணன் பலமுறை சாம்பியனானதும், டெல்லியின் கௌரவ் கில் இந்தத் தொடரிலிருந்து வளர்ந்து 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய-பசிபிக் பட்டத்தை வென்று 2019-இல் அர்ஜுனா விருது பெற்ற முதல் மோட்டார் விளையாட்டு வீரரானதும் இந்த அடித்தளத்தின் மேல் நிகழ்ந்தவை.

ஒரு சுற்று என்பது வெளிப்பார்வைக்கு இரண்டு நாள் ஓட்டம். உள்ளே இருப்பவர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு வாரத்து வேலை. முதலில் வண்டியின் பாதுகாப்புக் கூண்டு, இருக்கைப் பட்டை, தீயணைப்பான், ஹெல்மெட் எல்லாம் விதிப்படி இருக்கின்றனவா என்ற சோதனை நடக்கும். பிறகு ரெக்கி எனப்படும் முன்பார்வை: ஓட்டுநரும் நேவிகேட்டரும் சாதாரண வண்டியில், கட்டுப்பட்ட வேகத்தில் ஸ்டேஜைச் சுற்றிவந்து, ஒவ்வொரு வளைவையும் எண்ணாகவும் குறியீடாகவும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இதற்குப் பேஸ் நோட்ஸ் என்று பெயர். போட்டியின்போது இடப்புற இருக்கையிலிருந்து நேவிகேட்டர் அந்த நோட்டை வளைவு வருவதற்கு முன்பே, சரியான கணத்தில், வாசித்துக்கொண்டே வருவார்; ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத வளைவைக் காதால் கேட்டு ஓட்டுகிறார். பெரும்பாலான இணைகள் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுகின்றன. திருநள்ளாற்றிலிருந்து அம்பகரத்தூர்ப் பக்கம் போகும் ஏதேனும் ஒரு வாய்க்கால் கரைச் சாலையைத் தமிழில் நோட்டாக்கினால் அதன் ஒரு வரி ஏறக்குறைய இப்படி அமையும்: "எண்பது, இடது மூன்று, உள்ளே வெட்டாதே, மதகுக்கட்டை, அறுபது, மேடு, வலது ஐந்து நீளம், முடிவில் இறுகும்." எண்பதும் அறுபதும் அடுத்த நிகழ்வுக்கு இருக்கும் மீட்டர், மூன்றும் ஐந்தும் வளைவின் கூர்மை, எண் குறையக் குறைய வளைவு கடுமை. "உள்ளே வெட்டாதே" என்பது வளைவின் உட்புறத்தில் சக்கரத்தை இறக்கிக் குறுக்கே போகும் பழக்கத்துக்கு இடப்படும் தடை. அந்த இரண்டு சொல் விடுபட்டால் சக்கரம் மதகுக்கட்டையில் மோதி, சஸ்பென்ஷன் உடைந்து, ஓர் ஆண்டின் புள்ளிக் கணக்கே கலைந்துபோகலாம்.

ஸ்டேஜ்களுக்கு இடையே சர்வீஸ் பார்க் என்னும் பொது இடத்தில் மட்டும், குறிப்பிட்ட நிமிடங்களுக்குள், மெக்கானிக்குகள் வண்டியைத் தொடலாம். இரவில் வண்டிகள் பார்க் ஃபெர்மே எனப்படும் பூட்டிய வளாகத்தில் நிறுத்தப்படும். அங்கே சொந்த வண்டிக்குக்கூட யாரும் ஸ்பேனர் வைக்க முடியாது. நேரச்சாவடிக்குக் குறித்த நிமிடத்தில் வந்து சேர வேண்டும்: சர்வதேச விதிப்படி ஒரு நிமிடம் பிந்தினால் 10 வினாடியும், ஒரு நிமிடம் முந்தினால் முழு 60 வினாடியும் தண்டமாகச் சேரும். முந்துவது ஏன் ஆறு மடங்கு குற்றம் என்றால், பொதுச் சாலையில் வேகமாக வருவதற்கு எந்த ஊக்கமும் இருக்கக்கூடாது என்பதே அந்த விதியின் உயிர்நாடி. கிராமத்து மக்கள் நடமாடும் சாலையைக் கடன் வாங்கி நடக்கும் ஒரு விளையாட்டு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதம் இது; ராலியின் விதிப்புத்தகத்தில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி என்றும் இதைச் சொல்லலாம்.

நிலத்தின் பங்கு இங்கிருந்து தொடங்குகிறது. இந்தியச் சுற்றுகள் பெரும்பாலும் தார் இல்லாத மண் பாதைகளில் நடப்பவை. ஒரே ஸ்டேஜை வண்டிகள் காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் ஓடும்போது, முதல் ஓட்டத்தில் மேலிருந்த பொடிக்கல் விலகி, இரண்டாம் ஓட்டத்தில் சக்கரத்தடம் பள்ளமாகி, அடியிலிருந்த பாறை தலைகாட்டும். வண்டியின் வயிற்றைக் காக்கும் சம்ப் கார்டு என்னும் உலோகத் தகடு இல்லாமல் அந்தத் தடத்தில் போக முடியாது. காற்று அசையாத நாளில் முன்னால் போன வண்டியின் புழுதி அடுத்த வண்டியின் கண்ணை மறைப்பதால் புறப்பாட்டு இடைவெளியை நீட்ட வேண்டியிருக்கும். இவை எல்லாவற்றையும் தாங்கக்கூடிய நிலம், அடியில் கல்லும் மேலே செம்மண்ணும் சரளையும் கொண்டதாக, மழை பெய்தாலும் சீக்கிரம் வடிவதாக, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே உரிமையாளரின் கையில் நீளமாகக் கிடைப்பதாக இருக்க வேண்டும். சிக்மகளூரிலும் குடகிலும் காப்பித் தோட்டங்களின் உள்பாதைகள் அப்படிப்பட்டவை; தோட்டத்தின் வாயிற்கதவை மூடிவிட்டால் சாலை மூடப்பட்டதாகிவிடும். கோவைக்குக் கிழக்கே பல்லடம் பக்கத்துக் காற்றாலை நிலங்களும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தை ஒட்டிய வெளியும் இதே காரணத்தால்தான் பயன்பட்டு வந்திருக்கின்றன.

கோவை இத்தனை ஓட்டுநர்களை ஈன்றதற்கு நிலம் மட்டும் காரணமல்ல. பஞ்சாலைகளும், பம்ப்செட் தொழிலும், வார்ப்பாலைகளும், அவற்றைச் சுற்றி முளைத்த லேத் பட்டறைகளும் ஓர் உடைந்த பாகத்தை இரவோடு இரவாகக் கடைந்து தரும் கைகளை அந்த ஊரில் நிறைத்திருந்தன. ஆலை நடத்திய குடும்பங்களிடம் பந்தயத்துக்குச் செலவிடப் பணமும் இருந்தது. எஸ். கரிவரதன் அங்கேயே பந்தயக் கார்களைக் கட்டினார். 1995-இல் அவர் விபத்தில் மறைந்த பின் செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரைத் தாங்கியது. வறண்ட நிலமும் பட்டறையும் பணமும் ஒரே வட்டாரத்தில் கூடியது கொங்கு நாட்டின் வாய்ப்பு. டெல்டாவின் செல்வம் நெல்லிலும் நீரிலும் இருந்ததால், அங்கே காலி நிலம் என்ற ஒன்றே உருவாகவில்லை.

சாலையை மூடுவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை இந்த விளையாட்டு ரத்தம் சிந்தித்தான் கற்றது. 1903 மே 24 அன்று வெர்சாயிலிருந்து புறப்பட்ட பாரீஸ்–மாட்ரிட் பந்தயத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் திறந்த நெடுஞ்சாலையில், இருபுறமும் திரண்ட கூட்டத்துக்கு நடுவே, கண்ணை மறைத்த புழுதியில் விரைந்தன. ஓட்டுநர்களும் பார்வையாளர்களும் இறந்தனர். ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் அடக்கம். போட்டி போர்தோ நகரிலேயே பிரெஞ்சு அரசால் நிறுத்தப்பட்டது. காரைக்காலும் அப்போது அதே பிரெஞ்சுக் குடியரசின் ஆட்சியில்தான் இருந்தது. மூடிய தடமும், மூடிய ஸ்டேஜும், திறந்த சாலையில் வேகத்துக்குத் தண்டம் விதிக்கும் நேரச்சாவடியும் அத்தகைய துயரங்களுக்குப் பின் படிப்படியாக வந்த ஏற்பாடுகள்.

ஏற்பாடு இருந்தும் பிழைக்க இடமுண்டு. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் தேசியத் தொடரின் ஒரு சுற்று நடந்துகொண்டிருந்தபோது, ஸ்டேஜாக அறிவிக்கப்பட்ட சாலைக்குள் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் மீது போட்டிக் கார் மோதி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். அந்தச் சுற்று ரத்து செய்யப்பட்டது. ஒரு ஸ்டேஜ் தொடங்குமுன் அதன் வழியாகப் பாதுகாப்பு அதிகாரிகளின் வண்டிகளும், கடைசியாகச் சைபர் எண்ணிட்ட காரும் ஓடிப் பாதை காலியாக இருக்கிறதா என்று பார்க்கின்றன. ஒவ்வொரு கிளைவழியிலும் மார்ஷல் என்னும் காவல் தொண்டர் நிற்கிறார். ஆனால் ஒரு வயல் வரப்போ, வீட்டுக் கொல்லைப்புறமோ, ஒற்றையடிப் பாதையோ மார்ஷலின் பட்டியலில் விடுபட்டால் அத்தனை முன்னேற்பாடும் அந்த இடத்தில் அறுந்துவிடும். ஆளில்லாப் பாலை என்று வெளியூரார் நினைக்கும் பார்மேரிலேயே இந்த நிலை என்றால், காவிரிக் கடைமடையில் ஒரு ஸ்டேஜை எப்படி மூடுவது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காரைக்கால் பகுதி ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தோர் 2,00,222 பேர், அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,250 பேர். அரசலாறும், நாட்டாறும், வாஞ்சியாறும், திருமலைராயன் ஆறும் அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் நிலத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்திருக்க, கிராமச் சாலைகள் பெரும்பாலும் கரைமேட்டில், ஒருபுறம் வாய்க்காலும் மறுபுறம் வயலுமாகச் செல்கின்றன. ராலியில் தடம் புரளும் வண்டிக்குத் தப்பிக்க ஓர் ஓரம் வேண்டும்; இங்கே ஓரம் என்பதே நீர். மண் வண்டலும் களியும் கலந்தது. வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, வடகிழக்குப் பருவமழையில் சக்கரத்தை அச்சு வரை விழுங்கும். வயல் வெளி சம்பா பருவத்தில் ஆவணி தொடங்கித் தை வரை நெல்லுக்குரியது. கடலோரம் படகுக்கும் வலைக்கும் உரியது. அறுவடைக்குப் பின் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவைத்து, காலால் கிளறிவிட்டு, மாலையில் கூட்டி அள்ளுகிறார்கள். அந்த நாட்களில் சாலை என்பது அவர்களுடைய களம். வண்டியோட்டிகள் அதைப் புரிந்துகொண்டு மறுபாதியில் ஒதுங்கிப் போகும் ஊரில், நான்கு மணி நேரம் சாலையை விட்டு விலகுங்கள் என்று கேட்க எந்த விளையாட்டுக்கும் நியாயமில்லை.

சட்டத்தின் வழியும் இங்கே எளிதல்ல. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ இசைவின்றிப் பொது இடத்தில் வாகனப் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதையும் அதில் பங்கேற்பதையும் தண்டனைக்குரியதாக்குகிறது. ஒன்றியப் பிரதேசத்தில் மாநில அரசு என்பது அதன் நிர்வாகியை, புதுச்சேரியைப் பொறுத்தவரை துணைநிலை ஆளுநரைக் குறிக்கும் என்று அதே சட்டத்தின் வரையறை சொல்கிறது. திருநள்ளாற்றைத் தாண்டிப் பேரளம் பக்கம் ஒரு ஸ்டேஜை நீட்டினால் சில கிலோமீட்டருக்குள் தமிழ்நாட்டின் எல்லை வந்துவிடும். இசைவு இரண்டு அரசுகளிடம் பெற வேண்டும், காவலுக்கும் ஆம்புலன்சுக்கும் இரண்டு நிர்வாகங்கள் இணங்க வேண்டும். சாலையை மூடத் தெரியாத ஊர் என்றும் காரைக்காலைச் சொல்லிவிட முடியாது. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் லட்சக்கணக்கானோர் கூடும்போதும், ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவிலும் போக்குவரத்தை மாற்றிவிட்டுச் சாலைகளை நடப்போருக்கு ஒதுக்கித் தரும் அனுபவம் அங்குள்ள அதிகாரிகளுக்கு நிறையவே உண்டு. அந்த மூடல் ஊர் மக்கள் அனைவரும் விரும்பி ஏற்பது. ஸ்டேஜுக்கான மூடலுக்கு அந்த இசைவு கிடைக்காது.

டெல்டாவுக்கு ஏற்ற வாசல், ராலியின் இன்னொரு கிளையில் இருக்கிறது. நேரம், வேகம், தூரம் என்ற மூன்றின் முதலெழுத்துகளால் டி.எஸ்.டி. ராலி எனப்படும் இதற்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தனியாக ஒரு தேசியத் தொடர் நடத்துகிறது. இதில் சாலை மூடப்படுவதில்லை. வேக வரம்புக்குள்ளேயே ஒரு சராசரி வேகம் குறித்துத் தரப்படுகிறது. அந்த வேகத்தைப் பிசகாமல் காப்பதுதான் போட்டி. வழி முழுவதும் ரோடு புக் என்னும் ஏட்டில், ஊர்ப்பெயர் எதுவுமின்றி, சந்திப்பின் சிறு வரைபடமும் அதுவரையான தூரமுமாகக் கொடுக்கப்பட்டிருக்கும். வழியில் எங்கே என்று தெரியாத இடத்தில் நிற்கும் மார்ஷல் வண்டி கடந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார். முந்தினாலும் பிந்தினாலும் தண்டப் புள்ளி. ஸ்டேஜ் ராலிக்கு வேண்டிய பாதுகாப்புக் கூண்டும் தனி எஞ்சினும் இதற்குத் தேவையில்லை. பிஒய்-02 என்று எண்பலகை தாங்கிய குடும்பக் கார் ஒன்று போதும்.

போட்டியின் பாரம் முழுவதும் இடப்புற இருக்கைக்கு வந்துவிடுகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் சராசரி என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 100 வினாடி. ரோடு புக்கில் 4.3 கிலோமீட்டர் என்று குறித்த மதகை 430-ஆவது வினாடியில், அதாவது ஏழு நிமிடம் பத்து வினாடியில் கடக்க வேண்டும். நெடுங்காட்டுச் சாலையில் மாடுகள் குறுக்கே வந்து 40 வினாடி போய்விட்டது என்று வைத்துக்கொண்டால், இழந்ததை ஒரேயடியாக மீட்க விரைவது தவறு. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டருக்கு 90 வினாடி ஆகும் என்பதால், வேகத்தை அந்த அளவுக்கு மட்டும் உயர்த்தினால் கிலோமீட்டருக்குப் பத்து வினாடி வீதம் நான்கு கிலோமீட்டரில் கணக்கு நேராகும். அதற்குள் மார்ஷல் எதிர்ப்பட்டால் வரும் தண்டத்தை ஏற்பதா, வரம்புக்குள் இன்னும் சற்று விரைவதா என்பதை நேவிகேட்டர் அந்த நொடியில் முடிவு செய்து ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். மைல்மீட்டர் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், போட்டி தொடங்குமுன் ஒரு குறித்த தூரத்தை ஓட்டி, ஏட்டின் கிலோமீட்டருக்கும் வண்டியின் கிலோமீட்டருக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஒவ்வொரு எண்ணையும் அதனால் திருத்துவதும் அவர் வேலைதான்.

இந்தக் கலையில் தேறியவர்களுக்குத் தேசியத் தொடரின் பெரிய கார்களில் இடம் உண்டு. நேவிகேட்டரின் பெயர் செய்தித்தாளில் இரண்டாவதாகவே வருகிறது என்றாலும், கேரளத்தின் காசர்கோட்டைச் சேர்ந்த மூசா ஷெரீப் நோட்டும் நிறுத்தக்கடிகாரமுமாக நாட்டின் முன்னணி ஓட்டுநர்கள் பலருக்கும் அருகில் அமர்ந்து, பல பருவங்களின் வெற்றியில் பங்கு கொண்டிருக்கிறார். சொந்தமாகப் பந்தயக் கார் வாங்கும் வசதியற்ற இளைஞர் ஒருவர் கணக்கும், காதும், பதறாத மனமும் கொண்டு இந்த விளையாட்டின் உச்சிக்குப் போக முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. காரைக்காலின் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அந்த இருக்கைதான்.

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு, அம்பகரத்தூர், நெடுங்காடு, கோட்டுச்சேரி வழியாகத் திரும்பும் ஒரு டி.எஸ்.டி. வட்டத்துக்குக் கூட்டமைப்பில் உறுப்பினரான ஒரு கழகமும், ரோடு புக் எழுதத் தெரிந்த சிலரும், மார்ஷல்களாக நிற்கக் கல்லூரி மாணவர்களும், காவல்துறையின் ஒத்துழைப்பும் இருந்தால் தொடங்கலாம். நாள் குறிப்பதில் மட்டும் உழவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தாக வேண்டும். சம்பா அறுவடை முடிந்து சாலையில் நெல் காயாத, ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து குறுவை வேலை மும்முரமாகாத சித்திரையும் வைகாசியுமே பொருத்தமான மாதங்கள். வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் புறப்பாடு விடியற்காலையில் இருக்க வேண்டும், பள்ளிக்கூடமும் சந்தையும் கூடும் இடங்களில் நேரம் கணக்கிடப்படாத இடைவேளைகளை ரோடு புக்கிலேயே எழுதிவிட வேண்டும்.

(தொடரும்)